பொய்ப் பட்டியலில் நான் எழுதாமல் விட்ட வரி

போன மாதம் குரோம்பேட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் பிரகாஷைப் பார்த்தேன். என் பழைய அலுவலகத்தில் வேலை செய்கிறவன். நான் ஓய்வு பெறுவதற்கு ஒரு வருடம் முன்னால் வந்து சேர்ந்தவன்.

"மேடம், ஒரு நியூஸ். நம்ம லைப்ரரில புது டேட்டாபேஸ் ஒண்ணு சேக்கச் சொன்னாங்க. ஏஐகிட்ட குடுத்தோம். டீ குடிச்சிட்டு வர்றதுக்குள்ள அடாப்டரை எழுதி வெச்சிடுச்சு" என்றான். முகமெல்லாம் பல்.

"ரொம்ப சந்தோஷம். பொய்ப் பட்டியல் எழுதுச்சா?"

"அது எதுக்கு மேடம் இப்ப? டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆயிடுச்சே."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. கையில் இரண்டு பை, பின்னால் ஜி.எஸ்.டி. சாலையில் ஹாரன் மேல் ஹாரன். நின்று சண்டை போட வசதிப்படவில்லை. "வீட்டுக்குப் போய் எழுதி அனுப்புறேன், படி" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதனால்தான் இது. அவனுக்கு மட்டும் அனுப்பினால் இரண்டு வரி படித்துவிட்டு கட்டைவிரல் படம் ஒன்று அனுப்புவான். எல்லோரும் படிக்கட்டும்.

நான் படித்தது டிப்ளமோ. பிறகு மாலை வகுப்பில் பி.இ. முதல் ஏழெட்டு வருடம் யார் யாரோ எழுதிய புரோகிராம்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். அதில் சொல்லிக்கொள்ள ஒன்றுமில்லை. தாம்பரம் பக்கத்தில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் சேர்ந்து, டேனியல் சாரின் குழுவுக்கு வந்த பிறகுதான் எனக்கு வேலை என்றால் என்ன என்று தெரிந்தது. அங்கே இருபத்திரண்டு வருடம் இருந்தேன். எங்கள் கம்பெனி மருத்துவமனைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் மென்பொருள் செய்யும். அவற்றுக்கெல்லாம் அடியில் ஓடுகிற பொது லைப்ரரி, அதாவது எல்லா மென்பொருளும் பகிர்ந்துகொள்ளும் புரோகிராம் தொகுப்பு, எங்கள் குழுவினுடையது. அதில் அடாப்டர் என்னுடையது. இதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்கு முதுகு நிமிரத்தான் செய்கிறது.

அடாப்டர் என்றால் என்ன என்று என் தங்கைக்குச் சொன்ன மாதிரியே சொல்கிறேன். மேலே புரோகிராம் எழுதுகிறவருக்கு நோயாளி என்றால் ஒரு நோயாளி. பெயர், வயது, வார்டு எல்லாம் சேர்ந்த ஒரே பொருள். கீழே தகவலைச் சேமித்து வைக்கிற டேட்டாபேஸுக்கு நோயாளி என்று யாரும் கிடையாது. அட்டவணை, அதில் வரிசை, வரிசையில் கட்டங்கள், அவ்வளவுதான். பொருளை வரிசையாக்குவதும் வரிசையைப் பொருளாக்குவதும் லைப்ரரியின் வேலை. ஆனால் டேட்டாபேஸ்கள் எல்லாம் ஒரே மாதிரி பேசுவதில்லை. முதல் பத்துப் பேரைக் கொடு என்பதை ஒன்றிடம் ஒரு விதமாகக் கேட்க வேண்டும், இன்னொன்றிடம் வேறு விதமாக. புது வரிசைக்கு ஒன்று தானாக எண் போட்டுக் கொடுக்கும். இன்னொன்றிடம் முன்கூட்டியே டோக்கன் வாங்கி வைத்துக்கொண்டு போக வேண்டும். ஆம், இல்லை என்பதைச் சிலது அப்படியே வைத்துக்கொள்ளும், சிலதுக்கு ஒன்று, பூஜ்யம். ஒரே தப்புக்கு ஒவ்வொன்றும் ஒவ்வொரு எண்ணில் திட்டும். இந்த வித்தியாசமெல்லாம் மேலே இருப்பவருக்குத் தெரியவே கூடாது. நடுவில் உட்கார்ந்து, போகிற கேள்வியை மொழிபெயர்த்து, வருகிற பதிலை மாற்றி, திட்டையும் மரியாதையாக்கிக் கொடுப்பதுதான் அடாப்டர். டேட்டாபேஸ் ஒன்றுக்கு அடாப்டர் ஒன்று. மேலே உள்ள புரோகிராமில் ஒரு எழுத்தைக்கூடத் தொடாமல், அடாப்டரை மட்டும் மாற்றி, ஒரு மருத்துவமனையை ஒரு டேட்டாபேஸிலிருந்து இன்னொன்றுக்குக் கொண்டுபோய்விடலாம்.

"அப்படின்னா அது ஒரு பொய் சொல்ற ஆள்" என்பார் டேனியல் சார். "கீழ இருக்கிறதெல்லாம் ஒண்ணுதான்னு மேல இருக்கிறவன்கிட்ட சொல்லுது இல்லையா? சொல்லட்டும். ஆனா என்னென்ன பொய் சொல்லுதுன்னு எனக்குத் தெரியணும்."

அதுதான் பொய்ப் பட்டியல். எங்கள் குழுவைத் தவிர வேறெங்கும் நான் பார்க்காத வழக்கம். ஒவ்வொரு அடாப்டர் கோப்பின் தலையிலும் அது சொல்லும் பொய்களை, அதுவே சொல்வதுபோல் எழுத வேண்டும். "எனக்கு ஆம், இல்லை தெரியாது. ஒன்று, பூஜ்யம் என்று வைத்துக்கொண்டு மேலே ஆம், இல்லை என்கிறேன்." "முதல் பத்து என்று கேட்டால் எனக்குப் புரியாது. எல்லாவற்றுக்கும் எண் போட்டு, பத்துக்கு மேல் வெட்டிவிட்டுக் கொடுக்கிறேன்." இப்படி. பட்டியல் இல்லாத அடாப்டரை அவர் திறந்துகூடப் பார்க்க மாட்டார்.

டேனியல் சார் சேலையூர்க்காரர். ஒல்லியான உடம்பு, எப்போதும் அரைக்கைச் சட்டை. யாரையும் தப்பு என்று சொன்னதில்லை, குரலை உயர்த்தியதில்லை. எங்களிடம் ஒரு கேள்வித்தாள் உண்டு. இதைக் கொடுத்தால் எது திரும்பி வருகிறது என்று ஒவ்வொரு அடாப்டரையும் ஒரே கேள்விகள் கேட்டு, பதில்களைப் பக்கத்துப் பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அவர் அதை நின்றுகொண்டேதான் படிப்பார், கையில் பென்சிலோடு. இரண்டு பதில் ஒத்துப்போகாத இடத்தில் பென்சில் நிற்கும். "அமுதா, இது யாரு பண்ற வேலை? நீயா, டேட்டாபேஸா?" என்பார். நான் என்றால், "பட்டியல்ல எழுது." டேட்டாபேஸ் என்றால், "சரி, அது அதோட குணம்" என்று பென்சில் அடுத்த வரிக்குப் போய்விடும். விஷயம் ரொம்ப மோசம் என்றால் மட்டும் கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப்பையில் போடுவார்.

என் முதல் அடாப்டரிலேயே அவர் கண்ணாடியைக் கழற்ற வைத்தேன். ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து தலைமை ஆசிரியை போன் செய்து, "ஏம்மா, எங்க ஸ்கூல்ல ஒரு புள்ளைக்குக்கூட பர்த்டே சரியா இல்லையே!" என்று கத்தினார். எல்லாப் பிள்ளைகளும் ஒரு நாள் முன்னால் பிறந்திருந்தார்கள். அந்த டேட்டாபேஸுக்கு நேரமில்லாத தேதி தெரியாது. நான் நள்ளிரவு பூஜ்யம் மணி என்று சேர்த்து அனுப்பியிருந்தேன். நம் நேரத்தை உலக நேரமாக மாற்றும்போது ஐந்தரை மணி கழிந்து, பிறந்தநாள் முந்தைய நாள் சாயங்காலத்துக்குப் போய்விட்டது. தேதி மட்டும் இருக்கிற கட்டத்தை அந்தக் கணக்குக்கே அனுப்பாமல் சரிசெய்து, பட்டியலில் ஒரு வரி சேர்த்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். பார்த்துவிட்டு "நல்லது" என்றார். அவரிடம் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்தே போனேன், அவ்வளவு சந்தோஷம்.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாக அடாப்டர்கள் எழுதினேன். என் பட்டியல்களைப் புதிதாக வருகிறவர்களுக்குப் படிக்கக் கொடுப்பார்கள். எனக்கும் கொஞ்சம் தலைக்கனம் ஏறித்தான் இருந்தது. மறைப்பானேன்.

இனி, அந்த மருத்துவமனை. பெயர் வேண்டாம். கேளம்பாக்கம் போகிற வழியில் உள்ளது. பல வருடம் ஒரு பெரிய டேட்டாபேஸில் ஓடியது. அதை எங்களுக்குள் பெரியவர் என்போம். பிறகு இன்னொரு டேட்டாபேஸுக்கு மாறினார்கள். அது சின்னவர். இரண்டு அடாப்டருமே என் கை. மாற்றம் வெண்ணெய் மாதிரி முடிந்தது. நாங்கள் கேக் வெட்டினோம்.

சில வாரம் கழித்து அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. பல்லாவரத்துத் தையல்காரர் ஒருவருக்கு அங்கே ஊசி போட்டதும் முகமெல்லாம் வீங்கி, மூச்சு முட்டி, ஆளைக் காப்பாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம். பிழைத்து வீட்டுக்குப் போய்விட்டார். அவருக்குப் பென்சிலின் ஒத்துக்கொள்ளாது. சேர்க்கும்போது அதைக் கேட்காமல் விட்டது ஸ்டெல்லா என்ற நர்ஸ் என்று அவரை சஸ்பெண்ட் செய்திருந்தார்கள். அந்த மென்பொருளில் ஒத்துக்கொள்ளாத மருந்துக்கென்று ஒரு கட்டம் உண்டு. கேட்டு, இல்லை என்றால் ஆங்கிலத்தில் 'நில்' (nil) என்று எழுத வேண்டும். காலியாக விட்டால் திரையின் தலையில் சிவப்புப் பட்டை வரும், இன்னும் கேட்கவில்லை என்று. டாக்டர் பார்த்தபோது பட்டை இல்லை. ஆகவே கேட்டாயிற்று, ஒன்றுமில்லை என்று நினைத்து ஊசி எழுதிவிட்டார். கட்டத்தைக் காலியாகத்தான் விட்டேன், பட்டை வரவில்லை என்கிறார் நர்ஸ். வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு. மென்பொருளில் பிழையில்லை என்று நீங்கள் ஒரு கடிதம் தந்தால் போதும் என்று எழுதியிருந்தார்கள். அது போனால் அந்தப் பெண்ணின் வேலை போய்விடும்.

நான் என்ன செய்தேன்? என் பட்டியலைத் திறந்து வரி வரியாகப் பார்த்தேன். எல்லாம் சரி. பட்டை போடுகிற புரோகிராமைப் பார்த்தேன். பல வருடமாக ஒரு எழுத்து மாறவில்லை. 'பிழை எதுவும் இல்லை' என்று கடிதத்தை எழுதி, கையெழுத்தும் போட்டு, டேனியல் சார் மேசைக்குக் கொண்டுபோனேன்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றவில்லை. "அந்தப் பொண்ணு என்ன சொல்லுதுன்னு நீ கேட்டியா?" என்றார்.

"லெட்டர்ல இருக்கே சார்."

"லெட்டர் எழுதினது அந்தப் பொண்ணு இல்லையேம்மா. நேர்ல போய்ட்டு வா."

எரிச்சலோடுதான் போனேன். ஸ்டெல்லாவை வரச்சொல்லியிருந்தார்கள். இருபத்தாறு இருபத்தேழு வயது, பெரும்பாக்கம் குடிசைமாற்று வாரியக் குடியிருப்பிலிருந்து வருகிறார். அவர்கள் பிளாக்கில் நர்ஸிங் படித்த முதல் பெண் என்று பிறகு தெரிந்துகொண்டேன். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை.

"இன்னா மேடம், நான்தான் தப்புன்னு என் வாயாலயே சொல்ல வெக்க வந்துகிறீங்களா?"

"இல்ல சிஸ்டர். நீங்க என்ன பண்ணீங்களோ அதை அப்படியே பண்ணிக் காட்டுங்க. நான் பக்கத்துல உக்காந்து பாக்கறேன்."

பயிற்சிக்கென்று வைத்திருந்த கம்ப்யூட்டரில் உட்கார்ந்தார். "அவுரு வலி தாங்காம கத்திக்கினு இருந்தாரு. கேட்டா பதிலு வர்ற நெலமையில இல்ல. சரி, செவப்பு வரும், அப்பால கேட்டுக்கலாம்னு இத்த காலியா வுட்டேன். இதோ, சேவ்." பொத்தானை அழுத்தினார். "பாருங்க. இன்னா வருது? ஒண்ணியும் வர்ல!"

வரவில்லை. திரை பளிச்சென்று இருந்தது. நானே நாற்காலியை இழுத்துப் போட்டு இன்னொரு முறை செய்தேன். வரவில்லை.

"மூணு வாரமா இத்ததான் மேடம் சொல்லிக்கினு கீறேன். ஒருத்தர்கூட வந்து பாக்கல" என்றார் ஸ்டெல்லா. அழவில்லை.

அலுவலகத்துக்குத் திரும்பும்போதே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. டேட்டாபேஸில் ஒன்றுமில்லை என்பது இரண்டு வகை. ஒன்று, இந்தக் கட்டத்தைப் பற்றி இன்னும் எதுவுமே தெரியாது என்பது. அதை நாங்கள் நல் என்போம். இன்னொன்று, எழுத்தே இல்லாத காலி எழுத்து. எழுதிக் கொடுத்தாயிற்று, ஆனால் உள்ளே எதுவும் இல்லை. நிரப்பாத கட்டத்தைப் படிவம் காலி எழுத்தாகத்தான் அனுப்பும். பெரியவரின் குணம், காலி எழுத்தை வாங்கியதும் நல் என்று மாற்றி வைத்துக்கொள்வது. சிவப்புப் பட்டை நல் இருந்தால் மட்டுமே வரும். பல வருடமாகப் பட்டை ஒழுங்காக வந்ததற்குக் காரணம் எங்கள் புரோகிராம் இல்லை, பெரியவரின் அந்தக் குணம். சின்னவர் கொடுத்ததைக் கொடுத்தபடி வைத்துக்கொள்பவர். காலி எழுத்து காலி எழுத்தாகவே இருந்தது. நல் இல்லை. ஆகவே பட்டை இல்லை.

சரி, கேள்வித்தாளில் இது ஏன் அகப்படவில்லை? பழைய கோப்புகளைத் தோண்டினேன். காலி எழுத்தைக் கொடுத்தால் என்ன திரும்பி வருகிறது என்று ஒரு கேள்வி இருந்திருக்கிறது. பெரியவரின் அடாப்டரை எழுதியபோது அந்தக் கேள்வியில் மட்டும் அவர் ஒவ்வொரு முறையும் தோற்றார். என்னால் சரிசெய்யவும் முடியாது, அது அவர் குணம். தினமும் சிவப்பில் ஒரு வரி வந்து உயிரை வாங்குகிறதே என்று ஒரு நாள் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டேன். பெரியவருக்கு மட்டும் இல்லை, எல்லோருக்கும். அது இருந்திருந்தால் சின்னவரின் பதில் பெரியவருடையதோடு ஒத்துப்போகாதது அச்சிலேயே தெரிந்திருக்கும். பக்கத்தில் காரணம்கூட எழுதியிருந்தேன். 'டேட்டாபேஸின் குணம். அடாப்டர் செய்வது அல்ல.' கீழே என் பெயர்.

அடாப்டர் சொல்லும் பொய்யைத்தான் பட்டியலில் எழுதுவோம். டேட்டாபேஸ் தானாகச் செய்வதை எழுதுவதில்லை. எங்கள் ஆட்களைத் தவிர வேறு யாரும் இப்படி ஒரு தப்பைச் செய்திருக்க முடியாது. பட்டியலே இல்லாத குழு என்றால் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டுச் சோதித்திருக்கும். நாங்கள் பட்டியலை நம்பினோம். எனக்கு அப்போது வந்த வெட்கம் இருக்கிறதே, மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்ளலாம் போல இருந்தது.

டேனியல் சாரிடம் சொன்னேன். அன்றைக்குக் கண்ணாடி பைக்குள் போனது.

மேனேஜரையும் கூப்பிட்டுச் சொன்னோம். அவர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "அமுதா மேடம், பிழைன்னு எழுதாதீங்க. டேட்டாபேஸ் அமைப்பு வித்தியாசம்னு போடுங்க. ரெண்டும் ஒண்ணுதானே?" என்றார்.

"ஒண்ணு இல்ல சார். அப்படி எழுதினா விசாரணைக் குழுவுல யாருக்கும் புரியாது. புரியலைன்னா அந்தப் பொண்ணு மேலயே போட்டுடுவாங்க. இதை நான்தான் பண்ணேன். நான் பண்ணேன்னே எழுதறேன்."

"கம்பெனி பேரு என்ன ஆகறது?"

டேனியல் சார் எழுந்தார். "பட்டியல்ல எதை எழுதலாம், எதை விடலாம்னு ரூல் போட்டவன் நான். அமுதா என் ரூல்படிதான் நடந்திருக்கு. ரெண்டு பேர் பேரையும் போடும்மா. என் பேரை முதல்ல."

ஒரு பக்கம் எழுதினேன். காலியாக விட்ட கட்டம் பழைய டேட்டாபேஸில் எப்படி நின்றது, புதியதில் எப்படி நிற்கிறது, எந்தக் கேள்வியை நான் எடுத்தேன், அதனால் பட்டை ஏன் வரவில்லை. ஒரு கம்ப்யூட்டர் வார்த்தைகூட இல்லாமல் எழுதினேன். கடைசி வரி, 'நர்ஸ் ஸ்டெல்லா சொன்னது முழுவதும் உண்மை.' இருபத்திரண்டு வருடத்தில் நான் எழுதியவற்றிலேயே நல்ல எழுத்து அதுதான். முதலில் எழுதியிருந்த கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். அடாப்டரிலும் திருத்தினேன். இனி சின்னவருக்குப் போகிற காலி எழுத்தை நல் ஆக்கியே அனுப்பும். அதைப் பொய்ப் பட்டியலில் முதல் வரியாகச் சேர்த்தேன். எடுத்த கேள்வியையும் திரும்ப வைத்தேன்.

வெள்ளிக்கிழமை டேனியல் சாரும் நானும் விசாரணைக் குழுவுக்கு நேரில் போனோம். கடிதத்தை நானே படித்தேன். குழுவின் தலைவர், வயதான டாக்டர், கேட்டு முடித்து, "சிஸ்டர், உங்க சஸ்பென்ஷனை இப்பவே கேன்சல் பண்றோம். மன்னிச்சுக்குங்க" என்றார். நானும் எழுந்து மன்னிப்புக் கேட்டேன்.

ஸ்டெல்லா நன்றி சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"அதெல்லாம் இருக்கட்டும் மேடம். நான் ஒருத்திதான் காலியா வுட்டேனா? அந்த செவப்பு வராம இன்னும் எத்தினி பேரு உள்ள கீறாங்க?"

டேனியல் சார் மெல்ல என் பக்கம் திரும்பினார். இனிமேல் சேர்கிறவர்களுக்குத்தான் நான் சரிசெய்திருந்தேன். ஏற்கெனவே காலி எழுத்தாகக் கிடக்கிறவர்களைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. கடிதத்தின் அழகிலேயே இருந்துவிட்டேன்.

அங்கிருந்தே அலுவலகத்துக்கு போன் போட்டு, அந்தப் பதிவுகளையெல்லாம் நல் ஆக்கச் சொன்னேன். சற்று நேரத்தில் வார்டுத் திரைகளில் சிவப்பு வந்துவிட்டது. உள்ளே படுத்திருந்தவர்களை மற்ற நர்ஸுகள் கேட்கப் போனார்கள். வீட்டில் இருப்பவர்களின் பட்டியலை அச்சடித்தோம், நான்கு பக்கம். "அவங்க திரும்பி வர்றப்போ செவப்பு வருமே" என்றார் ஒருவர். "யாரும் பாக்கலைன்னா?" என்றார் ஸ்டெல்லா. போனைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, "நீங்க பேரும் நம்பரும் படிங்க மேடம், நான் கேக்குறேன்" என்றார்.

பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொருவரிடமும் அதே கேள்வி, அதே பொறுமை. 'நில்' என்று அடிப்பார், அடுத்தது. இரண்டு பக்கம் முடிந்தது. மூன்றாவது பக்கத்தின் நடுவில் கேளம்பாக்கத்து அம்மா ஒருவர். மறுநாள் காலையில் அவருக்கு ஆபரேஷன்.

"எந்த ஊசிம்மா? பேரு நெனவு கீதா? போட்டதும் மயக்கமாயி வுழுந்துட்டீங்களா? சரி, சரி. நான் எழுதிக்கிறேன். நாளைக்கி வந்ததும் ஸ்டெல்லா சிஸ்டர் எங்கன்னு கேளுங்க. நான் இருப்பேன்."

போனை வைத்தார். கட்டத்தில் பென்சிலின் என்று அடித்தார். சேமித்தார். சரியாக ஏறியிருக்கிறதா என்று திறந்து ஒரு முறை பார்த்துக்கொண்டார். எனக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது, தாளில் எழுத்துத் தெரியவில்லை.

"அப்பால அழலாம் மேடம்" என்றார் ஸ்டெல்லா. "அடுத்த பேரைப் படிங்க."

படித்தேன்.